ரயில் டிக்கெட் தொலைந்துவிட்டதா? சார்ட் போடும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் சித்தி தென்காசியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தார். ஊர் திரும்ப எழும்பூரிலிருந்து ராத்திரி வண்டி. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி கட்டும்போது பர்ஸைத் திறந்தார். திருநீற்றுப் பொட்டலம், கண்ணாடிக் கடை ரசீது, நாலாய் மடித்த மருந்துச் சீட்டு எல்லாம் வெளியே வந்தன. ரயில் டிக்கெட் மட்டும் இல்லை. பாயில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை புரட்டும்போது கை நடுங்கியது. "போச்சுப்பா, சீட்டு போச்சு. இனி வேற டிக்கெட்டும் கிடைக்காது" என்றார்.

அன்று சாயங்காலமே 50 ரூபாய் கட்டி டூப்ளிகேட் டிக்கெட் வாங்கிவிட்டோம். மறுநாள் அதே வண்டியில் அதே கீழ் பெர்த்தில் படுத்து ஊர் போய்ச் சேர்ந்தார். இதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. விஷயம் ஒரு நாள் முன்னதாகத் தெரிந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அதே விஷயம் மறுநாள் பிளாட்பாரத்தில் தெரிந்திருந்தால் கதை வேறு.

சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்துவைப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். முன்பதிவு டிக்கெட்டைப் பொறுத்தவரை தொலைந்தது தாள்தான். உங்கள் இடம் பி.என்.ஆர். எண்ணில், அதாவது முன்பதிவுக்கு ரயில்வே தரும் எண்ணில், அப்படியே இருக்கிறது. அந்த இடத்துக்கான தாளை மறுபடி வாங்க எவ்வளவு செலவாகும் என்பது, எத்தனை மணிக்குப் போய்ச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில், அது எந்த வகை டிக்கெட்?

பாதிப் பேருடைய கவலை இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் நீங்களே எடுத்ததும், தெருமுனை பிரவுசிங் சென்டரில் எடுத்துக் கொடுத்ததும் இ-டிக்கெட். அவர்கள் தரும் ஏ4 தாள் வெறும் அச்சுப் பிரதி. அது மழையில் கரைந்தாலும் கவலையில்லை. போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ். போதும், அல்லது ஆப்பில் திறந்து காட்டலாம். கூடவே, அந்த டிக்கெட்டில் பெயர் உள்ள ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எஸ்.எம்.எஸ். இருந்தும் டிக்கெட் இல்லாதவராகத்தான் கணக்கு. ஆகவே இ-டிக்கெட்காரர்கள் பத்திரப்படுத்த வேண்டியது தாளை அல்ல, ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ.

பர்ஸே போய்விட்டது, அடையாள அட்டையும் அதோடு போனது என்றால்? அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கரில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் இருக்கும் ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் ரயில்வே ஏற்கிறது. எம்-ஆதார் ஆப்பும் செல்லும். ஆனால் நீங்களே போட்டோ எடுத்து டிஜிலாக்கரில் ஏற்றிவைத்த படம் செல்லாது. இரண்டும் ஒரே ஆப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் ஒரு முறை திறந்து, எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் படிவம் நிரப்பி வாங்கியது கவுண்டர் டிக்கெட். ஜி-பேயில் பணம் கட்டியிருந்தாலும், எஸ்.எம்.எஸ். வந்திருந்தாலும் அது கவுண்டர் டிக்கெட்தான். இதற்கு அசல் தாள் கையில் இருந்தாக வேண்டும். "போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் வைத்திருக்கிறேனே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் போட்டோ டிக்கெட் ஆகாது. வண்டியில் டிக்கெட் பரிசோதிக்கும் டி.டி.ஆர். அதை ஏற்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் டூப்ளிகேட் வாங்கப் போகும்போது அந்தப் போட்டோ பெரிய உதவி, ஏனென்றால் பி.என்.ஆர். எண் அதில் இருக்கிறது.

முன்பு 120 நாள் முன்னதாக எடுக்க முடிந்த டிக்கெட்டை, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்னதாகத்தான் எடுக்க முடியும். அப்படியும் இரண்டு மாதம் ஒரு சின்னத் தாள் அலமாரியிலும் சட்டைப் பையிலும் கைப்பையிலுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தொலைவதில் ஆச்சரியம் இல்லை.

பி.என்.ஆர். எண்ணைப் பிடியுங்கள்

வீட்டைப் புரட்டிப்போடுவதற்கு முன் இந்தப் பத்து இலக்க எண்ணைத் தேடுங்கள். முன்பதிவுப் படிவத்தில் கைபேசி எண் எழுதிக் கொடுத்திருந்தால் டிக்கெட் எடுத்த அன்றே எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். அதை அழித்துவிட்டிருந்தாலும் குடும்ப வாட்ஸாப் குழுவில் யாராவது "எஸ் 4, 23, 24" என்று போட்டோவோடு போட்டிருப்பார்கள். சித்தி விஷயத்தில் எண் கிடைத்தது அப்படித்தான். டிக்கெட் எடுத்த அன்றே என் தம்பி ஊரில் சித்தப்பாவுக்குப் படம் அனுப்பியிருந்தான். அவர் அதைத் திருப்பி எங்களுக்கு அனுப்பினார்.

எங்குமே எண் இல்லையென்றால் வண்டி எண், பயணத் தேதி, வகுப்பு, ஏறும் இடம், இறங்கும் இடம், டிக்கெட்டில் உள்ளபடி எல்லாருடைய பெயரும் வயதும், எந்தக் கவுண்டரில் எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பது, இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டிலோ யு.பி.ஐ.யிலோ பணம் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் தேதியும் நேரமும் உதவும். இவ்வளவு விவரம் இருந்தால் அலுவலகத்தில் தேடுபவருக்கும் வேலை சுலபம்.

எண் கிடைத்ததும் ரயில்வே உதவி எண்ணான 139க்கு அழைத்தோ, பி.என்.ஆர். என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து 139க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியோ நிலையைப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். டிக்கெட் உறுதியானதா, ஆர்.ஏ.சி.யா (வண்டியில் ஏறலாம், ஆனால் பெர்த்தை இன்னொருவரோடு பகிர்ந்து உட்கார வேண்டியிருக்கும்), வெயிட்டிங் லிஸ்ட்டா? சார்ட் போட்டுவிட்டார்களா, இல்லையா?

இந்த எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். "டிக்கெட் தொலைந்துவிட்டது, யாராவது உதவுங்கள்" என்று சமூக ஊடகத்தில் பி.என்.ஆரையும் போன் நம்பரையும் சேர்த்துப் போட்டால், ரயில்வே அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஓ.டி.பி. கேட்கும் அழைப்பு வரலாம். ரயில்வே யாரிடமும் ஓ.டி.பி. கேட்காது. சொல்லிவிட்டால் டிக்கெட்டோடு வங்கிக் கணக்கும் போய்விடும்.

சார்ட்தான் எல்லைக்கோடு

வண்டி கிளம்புவதற்கு முன் யார் யாருக்கு எந்த இடம் என்று முடிவாகும் பட்டியல்தான் சார்ட். வெகுகாலம் அது வண்டி கிளம்ப நாலு மணி நேரம் முன்புதான் தயாரானது. 2025இலிருந்து அதை நன்றாக முன்னே நகர்த்திவிட்டார்கள். காலை வண்டிகளுக்கு முந்தின இரவே போட்டுவிடுகிறார்கள். ஆகவே "ராத்திரி வண்டிதானே, மத்தியானம் போய்க்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். கிளம்பும் நாளுக்கு முந்தின நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

சார்ட் போடும் முன் போய்ச் சொன்னால், உறுதியான டிக்கெட்டுக்கும் ஆர்.ஏ.சி. டிக்கெட்டுக்கும் டூப்ளிகேட் கிடைக்கும். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்புக்கு 50 ரூபாய். ஏ.சி. உள்ளிட்ட மற்ற வகுப்புகளுக்கு 100 ரூபாய். சார்ட் போட்ட பிறகு போனால் உறுதியான டிக்கெட்டுக்கு டிக்கெட் கட்டணத்தில் 50 சதவீதம் கட்ட வேண்டும். ஆர்.ஏ.சி. டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுச் சார்ட்டுக்குப் பிறகு போனால் டூப்ளிகேட்டே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். ஒரு குடும்பத்தில் நாலு பேர், ஸ்லீப்பரில், ஆளுக்கு 400 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். சார்ட்டுக்கு முன் 200 ரூபாயில் காரியம் முடியும். சார்ட்டுக்குப் பின் 800. எதுவுமே செய்யாமல் வண்டியில் ஏறி மாட்டினால் டிக்கெட் பணம் 1,600, அதே அளவு அபராதம், ஆக 3,200. ஒரு சாயங்காலம் தள்ளிப்போட்டதற்கு இவ்வளவு வித்தியாசம்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டைத் தொலைத்தால் டூப்ளிகேட் கிடையாது. ஆனால் நீங்கள் போய்ச் சொல்லும் நேரத்தில் நிலை என்ன என்பதுதான் கணக்கு. ஆகவே தினமும் பி.என்.ஆர். நிலையைப் பாருங்கள். ஆர்.ஏ.சி.யாகவோ உறுதியாகவோ மாறிவிட்டால் அன்றே கிளம்பிப் போங்கள். கடைசி நேரத்தில் கூடுதல் கட்டணம் கட்டி எடுக்கும் தட்கல் இன்னும் கடினம். சாதாரணமாக டூப்ளிகேட் தருவதில்லை. விதிவிலக்காகத் தந்தாலும் தட்கல் கட்டணம் உட்பட முழுப் பணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். தட்கலைக் கவுண்டரில் எடுப்பவர்கள் அந்தத் தாளைப் பணக்கட்டு மாதிரி வைத்துக்கொள்வதே வழி.

ரத்து செய்து பணமாவது வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். தொலைந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை. கவுண்டர் டிக்கெட்டை இணையத்தில் ரத்து செய்ய வழி இருக்கிறது என்றாலும், பணம் வாங்க அசல் தாளைக் கவுண்டரில் கொடுத்தாக வேண்டும்.

துவைத்துவிட்ட டிக்கெட்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னை மேன்ஷன்களிலும் ஹாஸ்டல்களிலும் அதிகம் நடப்பது இதுதான். சட்டைப் பையில் டிக்கெட், சட்டை வாளியில், வாளியில் சோப்புத் தண்ணீர். வெளியே எடுத்தால் வெள்ளையாக ஓர் உருண்டை. அதைத் தூக்கி எறியாதீர்கள். தேய்க்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஒரு தட்டில் வைத்து, மின்விசிறிக் காற்றில் தானாகக் காயவிட்டு, மெதுவாகப் பிரியுங்கள். பி.என்.ஆரில் சில இலக்கங்கள், பெயரில் பாதி, அடியில் அச்சிட்ட வரிசை எண், எது தெரிந்தாலும் லாபம்.

கிழிந்த, சிதைந்த டிக்கெட்டுக்குக் கணக்கு வேறு. சார்ட்டுக்குப் பிறகு போனாலும் 50 சதவீதத்துக்குப் பதில் 25 சதவீதம்தான். அது அசல் என்று தாளில் தெரியும் விவரங்களைக் கொண்டு சரிபார்க்க முடிந்தால், பயணத்தை ரத்து செய்து பணம் கேட்கவும் வழி உண்டு. முழுக்கத் தொலைத்தவருக்கு இந்த வசதி இல்லை. உருண்டையாகிப் போன தாளுக்கும் மதிப்பு இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

எங்கே போவது?

வண்டி எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறதோ அங்குள்ள முன்பதிவு அலுவலகத்துக்கே போவது நல்லது. கோயம்புத்தூர், ஈரோடு, பெங்களூரு பக்கம் போகும் பெரும்பாலான வண்டிகள் சென்ட்ரலில். மதுரை, நெல்லை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவை எழும்பூரில் அல்லது தாம்பரத்தில். எழும்பூரில் சீரமைப்பு வேலைகள் நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மாற்றிவிடுகிறார்கள். டிக்கெட்டில் என்ன இருந்தது என்று நினைவை நம்பாமல் 139இல் ஒரு முறை கேட்டுவிடுங்கள். மாம்பலம், பெரம்பூர் போன்ற இடங்களிலும் முன்பதிவுக் கவுண்டர்கள் உண்டு. ஆனால் டூப்ளிகேட் கொடுக்கும் அதிகாரம் உள்ள மேற்பார்வையாளர் பெரிய நிலையங்களில்தான் நிச்சயமாக இருப்பார்.

சென்ட்ரலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. "மூர் மார்க்கெட் போங்க" என்பார்கள். அங்கே சந்தை எதையும் தேட வேண்டாம். பழைய புத்தகங்களுக்குப் பேர் போன அந்தச் சந்தை 1985இல் தீயில் போய்விட்டது. பெயர் மட்டும் அங்கே எழுந்த ரயில்வே கட்டடத்துக்கு நிலைத்துவிட்டது. புறநகர் மின்சார ரயில்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான், முன்பதிவுக் கவுண்டர்கள் இருப்பதும் அந்தக் கட்டடத்தில்தான். செங்கல் நிறத்தில் கோபுரத்தோடு இருக்கும் பழைய சென்ட்ரல் கட்டடத்தைப் பார்த்து நின்றால் பக்கத்தில் தெரியும்.

கவுண்டர்கள் பொதுவாகக் காலை 8 முதல் இரவு 8 வரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 2 மணியோடு சரி. ஞாயிறு சாயங்காலம் தொலைந்தது தெரிந்து திங்கள் காலை வண்டி என்றால், அது சார்ட்டுக்குப் பிந்தைய கதைதான். அப்போது நேரே நிலைய மேலாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

அங்கே போய் என்ன செய்வது?

நேராக வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள். முக்கால் மணி நேரம் நின்று முறை வந்ததும் "மேற்பார்வையாளரைப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள். முதலிலேயே தலைமை முன்பதிவு மேற்பார்வையாளர் அறை எங்கே என்று விசாரித்து அங்கே போங்கள். கையில் ஒரு வெள்ளைத் தாள் விண்ணப்பம், அடையாள அட்டை அசலும் நகலும், பி.என்.ஆர். எண், போதுமான சில்லறை. டிக்கெட்டில் பெயர் உள்ளவரே போவது நல்லது. வயதானவர், வர முடியாது என்றால் அவருடைய கையெழுத்தோடு விண்ணப்பமும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள்.

விண்ணப்பத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"பெறுநர்: தலைமை முன்பதிவு மேற்பார்வையாளர், சென்னை எழும்பூர். ஐயா/அம்மா, இன்ன தேதியில் இன்ன எண் வண்டியில், எழும்பூரிலிருந்து தென்காசிக்கு, ஸ்லீப்பர் வகுப்பில் பயணம் செய்ய முன்பதிவு செய்திருந்தேன். பி.என்.ஆர். எண் இது. பயணியின் பெயரும் வயதும் இவை. அந்த டிக்கெட் தொலைந்துவிட்டது. அதைக் கொண்டு நான் ரத்து செய்யவோ பணம் பெறவோ இல்லை. உரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு டூப்ளிகேட் டிக்கெட் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அசல் கிடைத்தால் ஒப்படைத்துவிடுகிறேன்." கீழே கையெழுத்து, முகவரி, கைபேசி எண்.

"ரத்து செய்யவோ பணம் பெறவோ இல்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே சந்தேகம் அதுதான். உங்கள் தாள் வேறு யார் கையிலாவது கிடைத்து, அவர் அதைக் கவுண்டரில் நீட்டிவிடக் கூடாதே என்று நீங்களும் பதற வேண்டிய இடம் அது. சீக்கிரம் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்தியோடு போனபோது மேற்பார்வையாளர் அம்மா ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். சித்தியிடம் வயது கேட்டார். கணினியில் எண்ணைத் தட்டினார். "கீழ் பெர்த்தா கேட்டு எடுத்தீங்க?" என்றார். சித்தி தலையாட்டினார். விண்ணப்பத்தின் ஓரத்தில் பச்சை மையில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, எந்தக் கவுண்டர் என்று கை காட்டினார். அங்கே 50 ரூபாய் கட்டியதும் புதுத் தாள் வந்தது. சித்தி அதை உடனே மடிக்கவில்லை. பெயர், தேதி, பெர்த் எண் மூன்றையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் பர்ஸில் வைத்தார். நீங்களும் கவுண்டரை விட்டு நகரும் முன் அப்படி ஒரு முறை சரிபாருங்கள்.

போலீஸ் புகார் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். டிக்கெட் மட்டும் தொலைந்ததற்கு எங்களிடம் யாரும் கேட்கவில்லை. பர்ஸ் திருடு போனது, பை போனது என்றால் அது வேறு. நிலையத்திலோ வண்டியிலோ நடந்திருந்தால் ரயில்வே போலீஸில் புகார் கொடுங்கள். அவர்களுடைய உதவி எண் 1512. ஆதார், உரிமம், பாஸ்போர்ட் போன்றவை வெளியே எங்கோ தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையை வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். மாற்று அட்டை வாங்கும்போது அது கைகொடுக்கும்.

அசல் கிடைத்துவிட்டால்?

கிடைக்கும். பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். வண்டி கிளம்புவதற்கு முன் அசலையும் டூப்ளிகேட்டையும் சேர்த்துக் காட்டினால், டூப்ளிகேட்டுக்குக் கட்டியதில் 5 சதவீதமோ குறைந்தபட்சம் 20 ரூபாயோ பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 50 ரூபாய் கட்டியவருக்கு 30 ரூபாய்தான் வரும். அதற்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் சார்ட்டுக்குப் பிறகு பாதிக் கட்டணம் கட்டியவர்கள் விடக் கூடாது. 800 கட்டியிருந்தால் 40 போக 760 திரும்பும். வண்டி கிளம்பிவிட்டால் அதுவும் இல்லை.

வண்டியில் ஏறிய பிறகு தெரிந்தால்

இருக்கையைவிட்டு ஓடி ஒளியாதீர்கள். கழிவறையில் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையான பயணியையும் தப்பானவராகக் காட்டிவிடும். டி.டி.ஆர். வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அவரிடம் போங்கள். பி.என்.ஆர். எண், அடையாள அட்டை, டிக்கெட்டின் போட்டோ எல்லாவற்றையும் காட்டுங்கள். அவர் கையில் உள்ள கருவியில் உங்கள் பெயர் இருக்கும். ஆனாலும் கவுண்டர் டிக்கெட் இல்லாத நிலையில் கட்டணமும் அபராதமும் வசூலிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அபராதம் டிக்கெட் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அது. பணம் கட்டினால் கட்டாயம் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த ரசீதுதான் இறங்கும்வரை உங்கள் டிக்கெட்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆவது பிரிவின்படி, ஆண் துணையின்றிப் பயணம் செய்யும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்பதற்காக நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகரில் உள்ள நிலையம், இவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும்தான். நடு ராத்திரியில் யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். 139 என்ற எண்ணுக்கே அழைத்துப் புகாரும் செய்யலாம். பிரிவும் உதவி எண்ணும் ஒன்றாக இருப்பதால் மறக்காது.

மின்சார ரயிலும் மெட்ரோவும்

முன்பதிவில்லாத டிக்கெட்டில் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் உங்கள் பெயர் இல்லை, பி.என்.ஆர். இல்லை. தாள்தான் டிக்கெட். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டு இறங்கும் நிலையத்தில் பிடிபட்டால், கட்டணத்தோடு 250 ரூபாய். வெளியே தெருவுக்கு வரும்வரை அதைக் கையில் வைத்திருங்கள். சீசன் டிக்கெட்டும் தொலைந்தால் பணம் திரும்பாது, புதிதாக எடுக்கும்படி ஆகும். தினமும் போகிறவர்கள் போனில் எடுத்துக்கொள்வதே மேல். முன்பு யூ.டி.எஸ். ஆப் இருந்தது. 2025 ஜூலையில் ரயில்ஒன் ஆப் வந்திருக்கிறது. டிக்கெட்டை ஆப்பில்தான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் தீர்ந்து காட்ட முடியாமல் போனாலும் டிக்கெட் இல்லாதவர்தான்.

மெட்ரோவில் வாட்ஸாப்பிலோ ஆப்பிலோ எடுத்த க்யூ.ஆர். டிக்கெட்டை மறுபடி திறந்துகொள்ளலாம். பணம் ஏற்றி, வாசலில் தட்டிவிட்டுப் போகும் சிங்காரச் சென்னை கார்டு தொலைந்தால், கார்டுக்குள் ஏற்றியிருக்கும் பணம் சட்டைப்பைப் பணம் மாதிரிதான், எடுத்தவர் தட்டிக்கொண்டே போகலாம். அதில் ஒரேயடியாக ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏற்றாமல் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சித்தியின் அசல் டிக்கெட், அவர் ஊர் போன மூன்றாம் நாள் கிடைத்தது. தலையணை உறையைத் துவைக்கப் போடும்போது உள்ளேயிருந்து விழுந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே வைத்திருக்கிறார். போன் செய்து சொன்னேன். "அதைக் கிழிச்சுப் போட்டுடாதே, அடுத்த தடவை வரும்போது அந்த அம்மாகிட்ட கொடுத்துடலாம்" என்றார். விண்ணப்பத்தில் ஒப்படைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது அவர். அலமாரியில் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.